புள்ளியும் நிலையும் வைத்தால் உறுப்பினர்களுக்கு என்ன ஆகும்?

நீங்கள் கேட்டிருப்பது இது. மாடித்தோட்டம் பற்றித் தமிழில் பேசிக்கொள்ள ஓர் இணையக் குழு நடத்துகிறீர்கள். உறுப்பினர்கள் 3000 பேர், ஆனால் பதில் சொல்வது எப்போதும் அதே 20 பேர். பதிலுக்கு 10 புள்ளி, கேள்விக்கு 5, நூறு சேர்ந்தால் ‘விதை’, ஐந்நூறுக்குச் ‘செடி’, ஆயிரத்துக்கு ‘மரம்’ என்று வைத்தால் மற்றவர்களும் எழுத வருவார்களா, இல்லை இப்போதிருக்கும் நல்ல சூழலும் கெட்டுவிடுமா? கேள்வி புள்ளியைப் பற்றித்தான். ஆனால் உங்கள் கவலை மூன்று விதமான ஆட்களைப் பற்றியது என்று புரிகிறது: சலிக்காமல் பதில் எழுதும் அந்த 20 பேர், தயங்கித் தயங்கி முதல் கேள்வியைப் போடும் புதியவர், எதுவும் எழுதாமல் படித்துவிட்டுப் போகும் பெரும்பான்மை. புள்ளி இந்த மூவரையும் ஒரே மாதிரி பாதிக்காது. அதனால்தான் ஒரு தளத்தில் நன்றாக ஓடிய முறை இன்னொன்றில் ஆட்களை விரட்டிவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் பெரியவர் என்று காட்டும் புள்ளி உங்களுக்கு வேண்டாம். பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடும் நிலைகள் வேண்டும். இணையக் குழுக்களை நடத்துவதும் அவற்றின் பதிவுகளை அலசிப் பார்ப்பதும் என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவையும் உண்டு, ஆராய்ச்சியாளர்களே இன்னும் ஒத்துப்போகாதவையும் உண்டு. அந்தந்த இடத்தில் பிரித்துச் சொல்கிறேன்.

புள்ளி என்று பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் அடங்கியிருக்கின்றன: ஏறிக்கொண்டே போகும் எண், பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் பட்டம் அல்லது பேட்ஜ், இத்தனையைத் தாண்டினால் இந்த வேலையைச் செய்யலாம் என்ற அனுமதி. மூன்றையும் சேர்த்துக் கட்டிய தளங்களில் அதிகமாக ஆராயப்பட்டது, ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் 2008-இல் தொடங்கிய, நிரல் எழுதுபவர்களுக்கான கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. அங்கே உங்கள் பதிலுக்கு ஒருவர் ஆதரவு வாக்குப் போட்டால் 10 புள்ளி, கேள்வி கேட்டவர் அதை ஏற்றுக்கொண்டால் 15, எதிர்வாக்கு விழுந்தால் 2 குறையும். ஒரு பதிலுக்கு எதிர்வாக்குப் போடுபவருக்கும் தன் கணக்கில் 1 போகும், அதனால் யாரும் கண்டபடி போட மாட்டார்கள். அனுமதிகளைப் பாருங்கள்: 15 புள்ளியில் ஆதரவு வாக்கு, 50-இல் அடுத்தவர் பதிவில் கருத்து எழுதுவது, 125-இல் எதிர்வாக்கு, 2000-இல் அடுத்தவர் எழுதியதை நேரடியாகத் திருத்துவது, 3000-இல் கேள்வியை மூட வாக்களிப்பது, 10,000-இல் நீக்கப்பட்ட பதிவுகளைப் பார்ப்பது. அவ்வளவு பெரிய தளத்தின் அன்றாடத் துப்புரவு வேலையைச் சம்பளமில்லாத உறுப்பினர்களே பார்த்துக்கொண்டது இந்த மூன்றாவது பகுதியால்தான். பேசப்படுவதென்னவோ முதல் இரண்டும்தான், எண்ணும் பேட்ஜும். காப்பி அடிக்கப்படுவதும் அவைதான்.

உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் விஷயம்: எதை எண்ணுகிறீர்களோ அது பெருகும், எண்ணும் வரைக்கும் பெருகும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ‘எலெக்டரேட்’ என்று ஒரு தங்க பேட்ஜ் உண்டு. கேள்விகளுக்கு 600 வாக்குப் போட்டிருக்க வேண்டும், போட்ட மொத்த வாக்கில் கால்பங்காவது கேள்விகளுக்கானதாக இருக்க வேண்டும். பொதுவாக எல்லோரும் பதில்களுக்குத்தான் வாக்குப் போடுவார்கள். ஆண்டர்சன், ஹட்டன்லாக்கர், கிளைன்பெர்க், லெஸ்கோவெட்ஸ் நால்வரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த பேட்ஜ் நெருங்க நெருங்க ஒருவர் கேள்விக்கு வாக்குப் போடுவது கூடிக்கொண்டே போவதும், கைக்கு வந்தபின் சட்டென்று இறங்குவதும் தெளிவாகத் தெரிந்தது. பேட்ஜ் ஒரு பழக்கத்தை உண்டாக்கவில்லை, ஓர் எல்லைவரை ஆளை நகர்த்தியது. உங்கள் ஏணியில் 1000-இல் ‘மரம்’ வந்துவிடுகிறது. பதிலுக்கு 10 என்றால் அது 100 பதில். உங்கள் 20 பேரில் பாதிப்பேர் சில மாதங்களில் அதைத் தொட்டுவிடுவார்கள், அதற்குமேல் அந்த ஏணியில் அவர்களுக்கு ஒன்றுமில்லை. அதுவரை எந்த நோக்கமும் இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தவருக்கு ஒரு நோக்கத்தைக் கொடுத்து, அதை முடித்தும் வைத்துவிடுகிறீர்கள். இப்படி முடித்துவைப்பதுதான் ஆபத்து.

இரண்டாவது உறுதியான விஷயம்: வாக்கைப் புள்ளியாக்கினால் வேகமும் எளிமையும் ஜெயிக்கும். எல்லோருக்கும் புரிகிற கேள்விக்குப் படிப்பவர்கள் அதிகம், வாக்கும் அதிகம். முதலில் வந்த பதிலை அதிகம் பேர் பார்ப்பார்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இந்த முந்துகிற போட்டி தொடக்க நாளிலிருந்தே பேசப்பட்டது. வாக்குகளால் ஒரு நாளைக்கு 200 புள்ளிக்குமேல் சேராது என்று அங்கே வரம்பு உண்டு, பதில் ஏற்கப்படுவதால் வரும் 15 அந்த வரம்பில் சேராது.

உங்கள் குழுவில் இது எப்படி நடக்கும் என்று பார்க்கலாம். ஒருவர் மிளகாய்ச் செடியின் படத்தைப் போட்டு, “இலை சுருளுது, என்ன செய்யலாம்?” என்கிறார். அடுத்த நிமிடமே ஒருவர், “வேப்பெண்ணெய் 5 மில்லி, ஒரு லிட்டர் தண்ணியில கலந்து அடிங்க” என்று எழுதுகிறார். அபாயமான யோசனை ஒன்றுமில்லை, படிப்பவர் எல்லோருக்கும் பழக்கமானதும்கூட. லைக் குவிகிறது. அரை மணி கழித்து இன்னொருவர் வந்து, இலை மேல்நோக்கிச் சுருள்கிறதா கீழ்நோக்கியா என்று கேட்கிறார், இலையின் அடிப்பக்கத்தையும் படமெடுத்துப் போடச் சொல்கிறார். மேல்நோக்கி என்றால் இலைப்பேனாக இருக்கலாம், கீழ்நோக்கி என்றால் முரணைச் சிலந்தியாக இருக்கலாம், புது இலைகள் சிறுத்து மஞ்சளடித்துச் செடியே குறுகி நின்றால் வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். வைரஸ் என்றால் எந்த எண்ணெயும் அந்தச் செடியைக் குணமாக்காது, பக்கத்துச் செடிகளைக் காப்பாற்ற அதைப் பிடுங்கத்தான் வேண்டும். இவரிடம்தான் விஷயம் இருக்கிறது. ஆனால் இவர் முதலில் எழுதியது ஒரு கேள்வி, உங்கள் கணக்கில் அது பதிலே ஆகாது. இரண்டு நாள் கழித்துப் படம் வந்து இவர் சரியான பதிலை எழுதும்போது அந்தப் பதிவு கீழே இறங்கிவிட்டிருக்கும், பார்ப்பவர் இரண்டு பேர். மாதக் கடைசியில் முதலாமவர் ‘செடி’, இவர் ‘விதை’. இது மூன்று மாதம் நடந்தால், எதிர்க்கேள்வி கேட்கும் வழக்கமே குழுவில் குறைந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை, அதனால் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

அளவை எண்ணினால் என்ன வரும் என்பதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் கூகுள் மேப்ஸின் லோக்கல் கைடு முறை. மதிப்புரைக்கு 10 புள்ளி, அது 200 எழுத்தைத் தாண்டினால் இன்னொரு 10, படத்துக்கு 5, வீடியோவுக்கு 7, புது இடத்தைச் சேர்த்தால் 15. மற்றவர் சொன்ன திருத்தம் சரியா என்று சரிபார்த்தால் 1. மொத்தம் பத்து நிலைகள், ஐந்தாம் நிலைக்கு 500, பத்தாம் நிலைக்கு 1,00,000. ஒரே டீக்கடையை நூறு கோணத்தில் படமெடுத்துப் போட்டாலும் கணக்குப்படி 500 ஆகிவிடும். நேர்மையாக உழைப்பவர்கள் அங்கே ஏராளம், வரைபடத்தில் நம் ஊர்ச் சந்துகள் சரியாகத் தெரிவதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் பெயருக்குக் கீழே ‘நிலை 8’ என்று பார்த்தால் அவர் நிறைய போட்டிருக்கிறார் என்பது மட்டுமே உங்களுக்குத் தெரியும், அவர் சொல்வது சரியா என்பது தெரியாது. படிப்பவர் அதைத் தகுதியாக எடுத்துக்கொள்வார். தோட்டத்தில் இந்தக் குழப்பம் ஒரு செடியோடு போகும். பூச்சிமருந்து அளவு பற்றிப் பேசும் இடத்தில் அப்படி விட முடியாது.

புதியவரைப் பற்றிக் கேட்டீர்கள். அவருக்கு எண்ணைவிட வாசல்தான் பிரச்சினை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் புதிதாக வந்தவர் பதில் எழுதலாம், ஆனால் அடுத்தவர் பதிவில் கருத்து எழுத 50 புள்ளி வேண்டும். விளைவு, ஒரு சின்ன விளக்கம் கேட்க வந்தவர் அதைப் பதில் பெட்டியில் எழுதுவார், அது பதில் அல்ல என்று நீக்கப்படும், சிலவேளை எதிர்வாக்கும் விழும். விதியைப் போட்டவர்கள் நினைத்தது விளம்பரக்காரர்களைத் தடுக்க, மாட்டிக்கொள்வது தயங்கித் தயங்கி வந்தவர். அந்தத் தளம் புதியவர்களை வரவேற்பதாக இல்லை என்று நிறுவனமே 2018-இல் வெளிப்படையாக எழுதியது. கேள்விக்கான ஆதரவு வாக்கை 2010-இல் 10-இலிருந்து 5 ஆகக் குறைத்திருந்தார்கள், 2019 நவம்பரில் திரும்ப 10 ஆக்கினார்கள். நீங்களும் கேள்விக்கு 5, பதிலுக்கு 10 என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி கேட்பவர் பதில் சொல்பவரில் பாதி மதிப்புள்ளவர் என்று அது எல்லோருக்கும் சொல்லும். மாடித்தோட்டக் குழுவில் நல்ல கேள்விதான் முக்கால்வாசிப் பதில்: எந்தத் தொட்டி, என்ன மண் கலவை, எத்தனை மணி வெயில், கடைசியாக எப்போது உரம் வைத்தார் என்று சொல்லும் கேள்வி.

ஒப்பீடு என்று வந்தால் விளைவு இரண்டு பக்கமும் வெட்டும். மூவிலென்ஸ் என்ற திரைப்பட மதிப்பீட்டுத் தளத்தில் யான் சென், மேக்ஸ்வெல் ஹார்ப்பர், ஜோசப் கான்ஸ்டன், ஷெர்ரி லீ ஆகியோர் செய்த கள ஆய்வு 2010-இல் வெளியானது. எண்ணிக்கை வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் உறுப்பினர் எத்தனை படங்களை மதிப்பிட்டிருக்கிறார் என்ற தகவலை மட்டும் ஒரு பகுதியினருக்குக் கொடுத்தார்கள். நடுவுக்குக் கீழே இருந்தவர்களின் மாத மதிப்பீடுகள் 530 சதவீதம் கூடின. நடுவுக்கு மேலே இருந்தவர்களின் மதிப்பீடுகள் 62 சதவீதம் குறைந்தன. ‘நாம் ஏற்கெனவே நிறையச் செய்கிறோம்’ என்று தெரிந்ததும் கை தளர்ந்துவிட்டது. படத்துக்கு நட்சத்திரம் போடுவது ஒரு சொடுக்கு, யாரும் கூட்டலாம். தோட்டப் பிரச்சினைக்குப் பதில் எழுத அனுபவம் வேண்டும், கீழே இருப்பவர் நினைத்தாலும் அப்படிப் பாய முடியாது. அதனால் உங்கள் இடத்தில் லாபப் பக்கம் சிறியதாகவும், அந்த 20 பேர் தளரும் நட்டப் பக்கம் அப்படியேயும் இருக்கும் என்று நான் கணிக்கிறேன். இது என் கணிப்பு, ஆய்வின் முடிவல்ல. பெரிய தளங்கள் எண்ணை மறைத்ததற்கும் உதாரணங்கள் உண்டு: ஸ்லாஷ்டாட் தளம் உறுப்பினரின் நற்பெயரை எண்ணாகக் காட்டுவதை விட்டு ‘நன்று’, ‘மிக நன்று’ என்ற ரகமான சொற்களுக்கு மாறியது. டிக் தளம் 2007-இல் முன்னணி உறுப்பினர் பட்டியலையே எடுத்துவிட்டது.

தொடர்ச்சியாக இத்தனை நாள் வந்தால் பரிசு என்ற யோசனையும் உங்கள் குறிப்பில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். நிரல் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளத்தில், இடைவிடாமல் எத்தனை நாள் வேலை செய்தோம் என்ற எண்ணிக்கை முன்பு ஒவ்வொருவர் பக்கத்திலும் தெரிந்தது. 2016 மே மாதத்தில் அதை எடுத்துவிட்டார்கள். மோல்டன், ஸ்ட்ரோமையர், வாக்ஸ் மூவரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதன்பின் நீண்ட தொடர்கள் குறைந்தன, சனி ஞாயிறு வேலை குறைந்தது, ஒரு நாளில் ஒரே ஒரு சின்னப் பங்களிப்பை மட்டும் செய்துவிட்டுப் போகும் நாட்களும் குறைந்தன. எண் அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே நடந்த வேலை எவ்வளவு என்பதை அது காட்டிவிட்டது. தோட்டக் குழுவுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல்: செடிக்குத் தினமும் செய்தி கிடையாது. தினமும் ஏதாவது போட வேண்டும் என்றால் ‘காலை வணக்கம்’ படங்கள்தான் வரும்.

ஏமாற்று வேலை வருமா என்றால், அனுமதியும் பரிசும் இருக்கும் அளவுக்கு வரும். இரண்டு நண்பர்கள் மாறி மாறி லைக் போட்டுக்கொள்வார்கள், ஒருவரே இரண்டு மூன்று கணக்கு வைத்துக்கொள்வார். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து விழும் வாக்குகளைக் கண்டுபிடித்துத் திருப்பி எடுக்கத் தானியங்கி ஏற்பாடே இருக்கிறது. ரெடிட் என்ற விவாதத் தளத்தில் பல உட்குழுக்கள் குறைந்தபட்ச ‘கர்மா’ (அங்கே வாக்குகளால் சேரும் புள்ளி) இருந்தால்தான் எழுத விடும், அதைச் சேர்ப்பதற்காகவே பழைய பதிவுகளை எடுத்துத் திரும்பப் போடுகிறவர்களும், சேர்த்த கணக்கை விற்கிறவர்களும் உருவானார்கள். பணம் கலந்தால் இன்னும் மோசம்: கோரா என்ற கேள்வி-பதில் தளம் 2018-இல் கேள்வி கேட்பவர்களுக்குப் பணம் தரும் திட்டத்தைத் தொடங்கியபின் ஒரே கேள்வியைப் பெயரை மட்டும் மாற்றி நூறு விதமாகக் கேட்பது அங்கே பெரிய புகாரானது. விதைப் பாக்கெட் பரிசு கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். புள்ளிக்கு ஈடாக வேண்டாம். டெசி, கோஸ்ட்னர், ரயன் மூவரும் 128 சோதனைகளைத் தொகுத்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், செய்தால் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கும் பொருள் பரிசு தன்னார்வத்தைக் குறைப்பதாகவும், வாய்ப் பாராட்டு கூட்டுவதாகவும் கண்டார்கள். இதை மறுத்த ஆய்வாளர்களும் உண்டு, ஆகவே தீர்ந்த விஷயம் என்று சொல்ல மாட்டேன். எதிர்பாராமல் கொடுக்கும் பரிசால் கெடுதல் இல்லை என்பதில் பெரும்பாலும் தகராறு இல்லை. ஆடிப்பட்டத்துக்கு முன்னால் அந்த 20 பேருக்கும் நாட்டு விதை அனுப்ப ஆசைப்பட்டால், சொல்லாமல் அனுப்புங்கள்.

இனி சந்தேகமான பகுதி: பாராட்டு. விக்கிப்பீடியாவில் ஓர் உறுப்பினர் இன்னொருவரின் பேச்சுப் பக்கத்தில் காரணத்தை எழுதிப் பதக்கம் வைக்கும் வழக்கம் உண்டு, தமிழ் விக்கிப்பீடியாவிலும் பார்த்திருப்பீர்கள். ரெஸ்டிவோவும் வான் டி ரைட்டும் 2012-இல் வெளியிட்ட சோதனையில், அதிகமாகப் பங்களிக்கும் மேல் 1 சதவீதத்தில் குலுக்கல் முறையில் எடுத்த 100 பேருக்கு இப்படிப் பதக்கம் வைத்தார்கள். கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் அடுத்த 90 நாளில் அவர்கள் உழைப்பு 60 சதவீதம் கூடியிருந்தது. அதே இருவர் 2014-இல், அவ்வளவாகப் பங்களிக்காதவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. ஆனால் யானா கல்லுஸ் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் புதியவர்களுக்குப் பெயர் அறிவித்துக் கொடுத்த அடையாள விருது, அவர்கள் தொடர்ந்து இருப்பதை 20 சதவீதம் கூட்டியது என்று 2017-இல் வெளியிட்டார். இரண்டும் கவனமாகச் செய்த சோதனைகள். தனியாள் ஒருவர் வைத்த பதக்கத்துக்கும் எல்லோரும் பார்க்க அறிவித்த விருதுக்கும் உள்ள வேறுபாடாக இருக்கலாம் என்பது என் ஊகம். இன்னொன்றையும் கவனியுங்கள்: இவை எல்லாம் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ நடக்கும் மாபெரும் தளங்களில் வந்த முடிவுகள். 3000 பேர் உள்ள, பாதிப்பேர் ஒருவரையொருவர் அண்ணா, அக்கா என்று கூப்பிடும் குழுவுக்கு எண்கள் அப்படியே பொருந்தாது, திசை பொருந்தலாம்.

நிலைகள் என்றால் எப்படி வைப்பது என்பதற்கு நான் காட்ட விரும்பும் மாதிரி, இணைய விவாதக் குழுக்களை நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் மென்பொருள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் தொடங்கிய அதே ஜெஃப் அட்வுட் வேறு இருவரோடு சேர்ந்து 2013-இல் கொண்டுவந்தது. இங்கே பெயருக்குப் பக்கத்தில் புள்ளி இல்லை. 0 முதல் 4 வரை நம்பிக்கை நிலைகள். 0-இலிருந்து 1-க்குப் போக எழுதவே வேண்டாம்: 5 தலைப்புகளைத் திறந்து, 30 பதிவுகளைப் படித்து, மொத்தம் 10 நிமிடம் செலவழித்தால் போதும். இரண்டாம் நிலைக்கு 15 நாள் வந்திருக்க வேண்டும், 20 தலைப்பு, 100 பதிவு, 60 நிமிட வாசிப்பு, 3 தலைப்புகளில் மறுமொழி, ஒரு லைக்காவது கொடுத்தும் ஒன்றாவது வாங்கியும் இருக்க வேண்டும். மூன்றாம் நிலை கடந்த 100 நாளை வைத்து ஓடும் கணக்கு. பாதி நாளாவது வந்திருக்க வேண்டும், 30 லைக் கொடுத்து 20 வாங்கியிருக்க வேண்டும், வராமல் போனால் நிலை தானாக இறங்கும். நான்காவது அட்மின் கையால் கொடுப்பது மட்டும். படிப்பதையும் எண்ணுகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்தது. எழுதாமல் படிக்கும் உங்கள் பெரும்பான்மைக்கு இந்த ஏணியில் முதல் படி ஏற்கெனவே இருக்கிறது.

அதையே அப்படியே எடுக்காதீர்கள், உங்கள் அளவுக்கு மாற்ற வேண்டும். புதியவர் ஒரு பதிவில் ஒரே ஒரு படம்தான் போட முடியும் என்பது டிஸ்கோர்ஸின் இயல்பு அமைப்பு. விளம்பரக்காரரைத் தடுக்க அது சரி, நோய்வாய்ப்பட்ட செடியைக் காட்ட வந்தவருக்கு அது பெரிய தடை. முழுச் செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தொட்டி மண் என்று 4 படம் போட விடுங்கள், அதற்குப் பதில் வெளி இணைப்பைச் சுருக்குங்கள், ஏனென்றால் விளம்பரம் இணைப்பில்தான் வரும். மூன்றாம் நிலைக்கு 100 நாளில் 50 நாள் என்பது நிரலாளர்களுக்குப் பொருந்தும், பட்டம் பார்த்துப் பயிர் வைப்பவர்களுக்கு அதிகம். 30 நாள் என்று வைக்கலாம். 30 லைக் கொடுக்க வேண்டும் என்ற விதியை எடுத்துவிடுங்கள், அது லைக்கை மலிவாக்கும். பதிவுக்குக் குறைந்தபட்ச நீளம் வைத்தால் தமிழில் ஒரு கணக்குக் கோளாறு வரும். ‘நன்றி’ நமக்கு 3 எழுத்து, கணினி எழுத்துகளைக் குறிக்கும் ஒருங்குறியில் 5 குறியீடு, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். மென்பொருள் எதை எண்ணுகிறது என்று சோதித்துப் பார்த்துவிட்டு எண்ணை வையுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுபவர்கள் இருந்தால் பைட்டை வைத்து எதையும் கணக்கிடவே கூடாது.

மேல் நிலைக்கு என்ன அனுமதி என்பதில் தாராளமாக இருங்கள், ஆனால் அது வேலையாக இருக்கட்டும். இரண்டாம் நிலையினர் தலைப்பைத் திருத்தலாம்: ‘ஹெல்ப் பண்ணுங்க’ என்று வரும் தலைப்பை ‘தக்காளி: காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுகிறது’ என்று மாற்றுவதே குழுவுக்குப் பெரிய சேவை. மூன்றாம் நிலையினர் பதிவைச் சரியான பிரிவுக்கு நகர்த்தலாம், இரண்டு பேர் சேர்ந்து புகார்க் குறி போட்டால் விளம்பரம் உடனே மறையலாம். கேள்வி கேட்பது, கருத்து எழுதுவது, நன்றி சொல்வது மூன்றுக்கும் எந்த நிலையும் கேட்காதீர்கள். பூச்சிமருந்து அளவு போன்ற ஆபத்தான விஷயத்தில் நிலையை நம்பாமல், வேளாண் படிப்போ நீண்ட அனுபவமோ உள்ளவரென்று நீங்களே சரிபார்த்த நாலைந்து பேருக்குத் தனி அடையாளம் கொடுங்கள். அந்த அடையாளம் எண்ணால் வரக்கூடாது.

பதிலை ‘தீர்வு’ என்று குறிக்கும் வசதி வைத்தால் அதை உடனே செய்ய விடாதீர்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஏற்கப்பட்ட பதிலை எப்போதும் மேலே வைத்திருந்தது, காலாவதியான பதில்கள் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்ததால் 2021-இல் அதை நிறுத்தியது. தோட்டத்தில் மருந்தடித்த அன்றே ‘சூப்பர், நன்றி’ வந்துவிடும், வேலை செய்ததா என்பது இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். 21 நாள் கழித்து, “செடி எப்படி இருக்கிறது? படம் போடுங்கள்” என்று கேட்டவருக்குத் தானாக ஒரு நினைவூட்டல் போகட்டும். அவர் வந்து சொன்னபின் தீர்வு என்று குறிக்கட்டும். ஏதாவது ஒன்றை எண்ணியே ஆக வேண்டும் என்றால், திரும்பி வந்து விளைவைச் சொன்ன இந்தப் பதிவுகளை எண்ணுங்கள். இதைப் பொய்யாகச் செய்வது கடினம், செய்பவர் பெரும்பாலும் புதியவர், பயன் அடுத்து வரும் எல்லோருக்கும். செடி செத்துவிட்டது என்று வந்து சொல்பவருக்கும் அதே மதிப்புக் கொடுங்கள்.

எதையும் தொடங்கும் முன் 8 வாரக் கணக்கை எடுத்து வையுங்கள். முதல் மறுமொழி வர ஆகும் நேரத்தின் நடு அளவு (நேரங்களை வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் வருவது), 48 மணி நேரத்தில் மறுமொழியே வராத கேள்விகளின் பங்கு, முதல் பதிவு போட்டவர்களில் 30 நாளுக்குள் இரண்டாவது பதிவு போட்டவர்களின் பங்கு, மொத்தப் பதில்களில் மேல் 5 பேரின் பங்கு, இந்த நான்கு போதும். சராசரி பார்க்காதீர்கள், ஒரு மாதம் கழித்து வந்த ஒரே பதில் அதைக் குலைத்துவிடும். ஜூன், ஜூலையில் எடுத்ததை ஏப்ரலோடு ஒப்பிடாதீர்கள், ஆடிப்பட்ட நேரத்தில் எந்தத் தோட்டக் குழுவும் தானாகவே சூடுபிடிக்கும், அதை உங்கள் நிலைகளின் வெற்றி என்று நினைத்துவிடுவீர்கள். முதல் எண் நன்றாகிக்கொண்டே மூன்றாவது எண் கெட்டால், பதில்கள் வேகமாகவும் அரைகுறையாகவும் வருகின்றன என்று பொருள். அப்போது நிறுத்திப் பாருங்கள்.

புள்ளி முறையை ஏற்கெனவே அறிவித்துவிட்டதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். சத்தமில்லாமல் எடுத்துவிடாதீர்கள். சிலர் எண்ணத் தொடங்கியிருப்பார்கள், கொடுத்ததைப் பிடுங்கினால் கொடுக்காமல் இருந்ததைவிட அதிகமாக வலிக்கும். அந்த 20 பேருக்கும் முதலில் தனித்தனியே எழுதி, ஏன் மாற்றுகிறீர்கள் என்று சொல்லி, எந்த அனுமதி தங்களுக்குப் பயன்படும் என்று கேளுங்கள். அதுவரை சேர்ந்த புள்ளியை அவரவர் சுயவிவரப் பக்கத்தில் மட்டும் காட்டிவிட்டு, பதிவுகளின் பக்கத்திலிருந்து எடுத்துவிடலாம். 8 வாரக் கணக்கு கையில் வந்ததும் இங்கேயே போடுங்கள், எந்த நிலையை எத்தனையில் வைப்பது என்று அந்த எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.